காற்று இருக்கும்போதே

இரவு இரண்டு பத்துக்கு ஃபோன்.
"மேடம், உங்க பக்கம் நாற்பது குறைக்கணும்."
குரலுக்குப் பெயர் கிடையாது. எண் சொல்லும்,
நான் திருப்பிச் சொல்வேன்:
நாற்பது மெகாவாட், இரண்டு பத்து.
சென்னையில் அவர் முன்னால் ஒரு சுவர் முழுக்க விளக்குகளாம்.
என் முன்னால் ஒரு ஜன்னல்.
காகிதம் மடித்துச் செருகியிருக்கிறோம்,
இல்லாவிட்டால் விடியும்வரை பல்லைக் கடிக்கும்.

ஆடி மாசம், ஆரல்வாய்மொழி.
கொண்டுவந்த மழையை மேற்கிலேயே உதறிவிட்டு
மலைக்கும் மலைக்கும் நடுவில் அகப்பட்ட சந்தில்
முண்டியடித்து நுழைகிறது காற்று,
பண்டிகைக்கு முந்தின நாள்
வடசேரி பஸ்ஸில் ஏறும் கூட்டம் போல.
இதற்காகத்தான் பாதி வருஷம் காத்திருந்தோம்.

"வாறத வேண்டாம்னு சொல்லப்பிடாது மேடம்"
என்கிறார் தாணுலிங்கம்,
கட்டன் சாயாவை மேசையில் வைத்தபடி.
அவரேதான் போய்
மூன்றாவது ஃபீடரின் கைப்பிடிக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

திறந்தேன்.
ஒரு சத்தம், அவ்வளவுதான்,
இரும்புக் கட்டில் முறிந்தது போல.
வெளியே, முப்பந்தல் வரைக்கும்,
இறக்கைகள் ஒவ்வொன்றாக
காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பின,
கடன்காரனைப் பார்த்து முகம் திருப்புகிறவர்கள் மாதிரி.
காற்று நிற்கவில்லை.
அதற்கு யாரும் ஃபோன் செய்யவில்லை.

இரண்டே காலுக்குக் கோயம்புத்தூர் மில் முதலாளி:
"என் மிஷின் ஏம்மா நிக்குது? காத்து இல்லியா?"
இருக்கிறது சார்.
"அப்புறம்?"

அப்புறம் தூத்துக்குடி.
அங்கே என் தம்பி வில்பிரட், அவனுக்கும் இரவு ஷிஃப்ட்,
கரி போகும் பெல்ட்டில்.
ஒடிசாவில் தோண்டி, ரயிலேறி, கப்பலேறி வரும் கரி
அவன் காதுமடலில் ஒட்டிக்கொண்டு
ஞாயிற்றுக்கிழமை வெள்ளமடத்துக்கு வந்து
அம்மாவின் தலையணை உறையில் இறங்குகிறது.

"நீங்க கொஞ்சம் அணைச்சாத்தான் என்னலே?"
"கொதிகலன் என்ன அடுப்பாக்கா, விறகை வெளியே இழுக்கதுக்கு?
பாதிக்குக் கீழ போனா செத்துரும்.
திரும்ப எழுப்ப எண்ணெய் ஊத்தணும், ஒரு பகல் போயிரும்.
சாயங்காலம் ஆறரைக்கு ஊரே சுவிச்சைப் போடும்.
அன்னேரம் உன் காத்து வரும்னு
எழுதித் தருவியா?"

எழுதித் தர முடியாது.
பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாற்றில்
ஷட்டரை இறக்கினால் தண்ணீர் காத்திருக்கும்.
இதற்கு ஷட்டர் இல்லை.
இப்போது போவது போனதுதான்,
பணகுடி தாண்டி, வெறும் காற்றாக,
யாருடைய மின்விசிறியையும் சுற்றாமல்.

அவன் இருமினான். நான் கேட்காதது போல இருந்தேன்.
வீட்டுக்கடனில் பாதி அந்த இருமல் கட்டுகிறது,
மீதி நான்.

பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டம்
அரை விரல் அகலம்.
'கரி அணைய மாட்டேன் என்கிறது' என்று எழுதினேன்.
அடித்தேன்.
'மேலிட உத்தரவு' என்று எழுதினேன்.
காற்றின் வேகம்: நொடிக்குப் பதினாறு மீட்டர்.
அதை யாரும் கேட்கவில்லை, கட்டமும் இல்லை.
ஓரத்தில் எழுதிவைத்தேன்.

நாலு மணிக்குச் சாயா ஆறிப்போனது.
ஏழு மணிக்கு வீடு திரும்பினால்
எங்கள் தெருவில் கரண்ட் இல்லை.
தென்னமட்டை கம்பியில் விழுந்ததாம்.
பக்கத்து வீட்டு ஜெயசீலி மதில் மேல் எட்டிப் பார்த்து,
"நீங்கெல்லாம் அங்க என்னதான் செய்யிய?"

அதற்கு முன்னால் ஒன்று.
வீட்டுக்குக் கிளம்பும் முன்
மூன்றாவது வரிசை மிஷின்களைப் பார்க்க
ஜீப்பில் முப்பந்தல் வரை போனேன்.
இசக்கியம்மன் கோயிலுக்கு முன்னால்
லாரிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து,
ஜன்னல் வழியாக ஒரு காசை வீசினார்.
காசு கோயிலுக்குப் போகவில்லை.
காற்று அதை நடுவழியில் வாங்கி
ரோட்டின் இந்தப் பக்கம்,
நின்றுபோன மிஷினின் வேலிக்குள் போட்டது.